அந்த அக்கா இருந்தா மட்டும்

கல்லாவை மூடாதீங்கம்மா, நான் திருடன் இல்ல. போன்ல யாரையும் கூப்பிடவும் வேண்டாம். இதோ என் பென்ஷன் அட்டை, போட்டோவோட இருக்கு, பாருங்க. குஞ்சிதபாதம், வயசு அறுபத்தி நாலு, ஆர்.எம்.எஸ்.ல ஓய்வு. ஆர்.எம்.எஸ்.னா ரயில்வே தபால், ஜங்ஷன்ல கடுதாசி பிரிக்கிற வேலை. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதுக்கு உங்க கடைப் பொண்ணு துப்பட்டாவை இழுத்து விட்டுக்கிட்டு உள்ளே ஓடுது. "ஏம்மா, வெளியே இருந்து வர்ற பொம்பளைங்க கேட்டா உங்க கடை பாத்ரூம்ல விடுவீங்களா"ன்னு ஒரு வயசானவன் கேக்கக் கூடாதா?

சரி, கேக்கக் கூடாதுதான். எனக்கே தெரியுது. இது முப்பத்தெட்டாவது கடை. ஒரு செருப்புக் கடைக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "பெருசு, வயசுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்க"ங்கறான். சாலை ரோட்ல ஒரு கண்ணாடிக் கடைக்காரன் கையைப் பிடிச்சு வாசல்ல கொண்டுவந்து விட்டான். விலாசமே சரியா எழுதத் தெரியாத ஜென்மங்க, இவங்களுக்கு வந்த கடுதாசியைப் பூரா முப்பத்தாறு வருஷம் நான் பிரிச்சு அனுப்பியிருக்கேன்.

இந்த ஸ்டூல்ல உட்காரலாமா? நல்லது. தண்ணியெல்லாம் வேண்டாம், இருக்கட்டும். இல்ல, குடுங்க, குடிக்கிறேன். தண்ணியை வேண்டாம்னு சொல்றது தப்புன்னு இப்பதான் படிச்சுக்கிட்டு வர்றேன்.

விஷயம் என்னன்னா, மேப்னு ஒண்ணு இருக்கும்மா. கம்பெனிக்காரன் போட்டது இல்ல. ஊர்ல இருக்கற யார் வேணா உள்ளே போய், தெரு, கடை, குழாய், கோயில்னு குறிச்சு வைக்கலாம். யார் வேணா காசில்லாமப் பார்த்துக்கலாம். குறிக்கற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சீட்டு ஒட்டணும், டேக்னு சொல்லுவாங்க. இது என்ன, எப்படிப்பட்டதுன்னு ரெண்டு வார்த்தை. அவ்வளவுதான் வேலை. அதைக்கூட ஒழுங்காச் செய்யத் துப்பில்லாத கூட்டம் அது.

நான் உள்ளே போன அன்னைக்கு இந்த உறையூர்ல மட்டும் டீக்கடைக்கு எத்தனை விதமான சீட்டு தெரியுமா? ஒருத்தன் டீக்கடைன்னு போட்டிருக்கான். ஒருத்தன் டீ ஸ்டால். இன்னொருத்தன் தேநீரகம், அவருக்குத் தமிழ்ப்பற்றாம். ஒருத்தன் போட்டிருக்கான், "டீ சுமார்". சுமாராம்! நீ குடிச்ச டீ சுமாரா இருந்ததை உலகத்துக்கே தண்டோரா போடணுமா? டீக்கடை எங்கன்னு ஒருத்தன் தேடினா பத்துல ரெண்டுதான் வரும். மீதி எட்டும் இருந்தும் இல்லாத மாதிரி.

இதோ உங்க மேட்சிங் சென்டர் அலமாரியைப் பாருங்க. கிளிப்பச்சை, ராமர் பச்சை, மயில்கழுத்து, வெங்காயத்தோல், எல்லாம் அதது இடத்துல அடுக்கியிருக்கு. கேட்டா கண்ணை மூடிக்கிட்டு எடுப்பீங்க. இது ஒழுங்கு. அந்தப் பசங்களை இங்கே கொண்டுவந்து ஒரு மணி நேரம் நிக்க வைக்கணும்.

அந்தக் கும்பலுக்குத் தலைவன் ரெக்ஸ்னு ஒருத்தன். கம்ப்யூட்டர் வேலை, தாடி. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கூடி சமோசா தின்னுக்கிட்டு, கம்யூனிட்டி கம்யூனிட்டின்னு பேசுவானுங்க. நான் எழுந்திருச்சு கேட்டேன், "தம்பி, விதி எங்கே?" "விதின்னு ஒண்ணும் இல்ல சார், எல்லாரும் பேசி முடிவு பண்ணிக்கலாம்"கறான். பேசி முடிவு பண்ணியாம்மா நாங்க கடுதாசி பிரிச்சோம்? இருநூறு அறை இருக்கற அலமாரி. கடுதாசியைக் கையில எடுத்தா கண்ணு படிக்கறதுக்கு முந்தி கை அறைக்குப் போயிடும். எந்த அறையிலயும் சேராத கடுதாசின்னு ஒண்ணு கிடையாது. சேரலைன்னா எழுதினவன் மேல தப்பு.

நாலு மாசம் உட்கார்ந்து நாப்பத்தோரு பக்கம் விதி எழுதினேன். விதி ஏழு: இன்னைக்கு நான் பார்த்தாலும் நாளைக்கு நீ பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கறதை மட்டும் எழுது. விதி ஒன்பது: புதுசா டேக் வேணும்னா மனு எழுதிப் பொதுவுல வச்சு எட்டுப் பேர் ஓட்டு வாங்கு. விதி பதினொண்ணு: ஆளைப் பத்தி எழுதாதே, ஆள் வருவான் போவான், இடம் நிக்கும். விதி பதினாலு: கூடையோட கொண்டுவந்து கொட்டாதே, ஒவ்வொண்ணா நேர்ல போய்ப் பார்த்துச் சேரு. ரெக்ஸ் படிச்சுட்டு, "சார், இது ஐ.பி.சி. மாதிரி இருக்கு"ன்னான். பாராட்டுன்னு எடுத்துக்கிட்டேன். எல்லாத்தையும் நானே சரிபண்ணினேன். மேப்ல எனக்குப் பேரு "சீர்மை".

தை மாசம்னு வச்சுக்குங்க. தில்லைநகர்ல ஒரு நகைக்கடை. அதுக்கு நகைக்கடைன்னு ஒழுங்கா நான் ஒட்டின சீட்டு இருக்கு. அதுக்குக் கீழே யாரோ புதுசா ஒண்ணு ஒட்டியிருக்காங்க. இந்தப் பக்கம் "ஒதுங்க". அந்தப் பக்கம், "வளையல் பார்க்கற மாதிரி பார்த்துட்டுக் கேட்டா விடுவாங்க". எனக்குத் தலை சுத்திடுச்சு. தேடிப் பார்த்தா ஊர் பூரா ஒட்டியிருக்கு. பெட்ரோல் பங்க்: "சாவி ஆபீஸ்ல, முறைச்சுட்டுக் குடுப்பாங்க". கல்யாண மண்டபம்: "முகூர்த்த நாள்ல தைரியமாப் போகலாம்". ஒரு பேங்க்: "லேடி மேனேஜர் மாறாத வரைக்கும்". பொதுக் கழிப்பிடம் ஒண்ணுக்கு விதிப்படி "உண்டு"ன்னு நான் போட்டு வச்சிருக்கேன். அதுக்குக் கீழே, "தாழ்ப்பாள் இல்ல, போகாதீங்க".

முறைச்சுட்டாம்! எவ்வளவு முறைச்சா முறைப்பு? அதுக்கு ஒரு அளவு உண்டா? நாளைக்கு நான் போய் நின்னா அவன் சிரிப்பான், அப்ப என்ன பண்ணுவே?

எழுதினவங்க பேரு "வெயில்"னு இருந்தது. வேலைவெட்டி இல்லாத எவனோ ஒரு பொடிப்பய விளையாடறான்னு நினைச்சேன். அழிச்சேன். சாயங்காலம் பார்த்தா திரும்ப இருக்கு. நான் காலையில அழிப்பேன், அது சாயங்காலம் முளைக்கும். மூணு வாரம் இதே கூத்து. கடைசியில, "விதி ஏழு, ஒன்பது, பதினொண்ணு மீறல். மனுப் போடவும்"னு எழுதி அனுப்பினேன். பதில் வந்தது பாருங்க. "எட்டு ஓட்டு வர்ற வரைக்கும் அடக்கிக்கிட்டு இருக்க முடியாது சார்."

திமிரைப் பார்த்தீங்களா? ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துல இதை வாசிச்சுக் காட்டினேன். பதினோரு ஆம்பளைங்க, விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ரெக்ஸ் மட்டும் சிரிக்கல. "யாருக்கோ தேவைப்படுது போலிருக்கே சார்"னான். தேவைப்படறதையெல்லாம் மேப்ல வைக்க முடியுமா? எனக்குக்கூடத்தான் நல்ல பில்டர் காபி தேவைப்படுது.

என்னம்மா சிரிக்கறீங்க? சிரிங்க. துணியைக் கிழிச்சுக் குடுத்துட்டு வாங்க, அந்தம்மா காத்துக்கிட்டு நிக்கறாங்க. நான் எங்கேயும் போகல.

எங்க வீட்டம்மா பேரு தையல்நாயகி. இன்சூரன்ஸ் ஏஜென்ட், இருபத்திரண்டு வருஷமா. வண்டி ஓட்டத் தெரியாது. பஸ்ல போய் இறங்கினா அப்புறம் நடைதான், ஒரு நாளைக்கு எட்டு வீடு பத்து வீடு. விலாசம் தேடி அலையறாளேன்னு ஒரு நாள் நான்தான் அவ போன்ல இந்த மேப்பைப் போட்டு, எப்படிப் பார்க்கறது, எப்படிக் குறிக்கறதுன்னு காட்டினேன். அஞ்சு நிமிஷம். அதுக்கு மேல ஏதோ சந்தேகம் கேட்டா. "உனக்கு இதெல்லாம் ஏறாது, விடு"ன்னு போனைத் திருப்பிக் குடுத்துட்டேன்.

மாசியில ஒரு நாள், இட்லி வச்சுக்கிட்டே கேக்கறா. "ஏங்க, அந்த மேப்ல பொம்பளைங்களுக்குன்னு யாரோ என்னமோ எழுதி வைக்கறாங்களாமே. அதை ஏன் அழிக்கறீங்க?" உனக்கு யார் சொன்னான்னுகூட நான் கேக்கல பாருங்க, அவ்வளவு வேகம். விதி ஏழை எடுத்து விட்டேன். "இன்னைக்கு விடற கடைக்காரன் நாளைக்கு விடலைன்னா?" "விடலைன்னா மாத்தி எழுதிக்கறதுங்க"ன்னா. "அடியே, மேப்புங்கறது உன் வாட்ஸப் குரூப் இல்லடி"ன்னு சொல்லிச் சிரிச்சேன். அவ சட்னிக் கிண்ணத்தை எடுத்துக்கிட்டு உள்ளே போயிட்டா.

அன்னைக்கே உட்கார்ந்தேன். இருநூத்திப் பன்னெண்டு இடம். "ஒதுங்க"ன்னு இருக்கறதையெல்லாம் மொத்தமாத் தேடி எடுத்து, ஒரே அமுக்கு. போயிடுச்சு. விதி பதினாலு என்னாச்சுன்னு கேக்கறீங்களா? ரெக்ஸும் அதையேதான் கேட்டான். அது சேர்க்கறதுக்கு உள்ள விதி. குப்பையை எவனாவது ஒவ்வொண்ணாப் பொறுக்குவானா? அழிச்சா ஏன் அழிச்சோம்னு ஒரு வரி எழுதணும், அது வழக்கம். "அசிங்கங்கள் நீக்கப்பட்டன"ன்னு எழுதினேன்.

அதுக்கப்புறம் வெயில் வரவே இல்ல. ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். அரைக் கிலோ அசோகா அல்வா வாங்கிட்டு வந்து தையலுக்கும் ஒரு கிண்ணத்துல குடுத்தேன். வேண்டாம்னுட்டா.

சித்திரையில படுத்துட்டா. குளிர் ஜுரம், ரெண்டு போர்வை போட்டும் கட்டிலே ஆடுது. ஆஸ்பத்திரியில டாக்டரம்மா, என் பொண்ணா இருக்கற வயசு, என்னைக் கேக்கறா: "இவங்க ஒரு நாளைக்கு எவ்வளவு சார் தண்ணி குடிப்பாங்க?" எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன சொம்பு எண்ணிக்கிட்டா இருக்கேன்? தையல்தான் சொன்னா. காலையில ஒரு டம்ளர் காபி, அப்புறம் பொழுது சாஞ்சு வீடு வந்து ஒரு சொம்பு. நடுவுல ஒரு வாய் கிடையாது. இருபத்திரண்டு வருஷமா. கல்லு விழுந்து, இன்ஃபெக்ஷன் கிட்னி வரைக்கும் ஏறிடுச்சாம். வலதுபக்கத்துது பாதிதான் வேலை செய்யுதாம். இனிமே தினம் மூணு லிட்டர் குடிக்கணும், இல்லைன்னா இடதுபக்கமும் போயிடும்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்றா. நான்தான் தண்ணியைப் பூட்டி வச்ச மாதிரி.

மறுநாள் நாலு பொண்ணுங்க இளநி வாங்கிக்கிட்டுப் பார்க்க வந்தாங்க. ஒருத்தி கூரியர் குடுக்கறவ. ஒருத்தி வீடு வீடாக் கொசுப்புழு பார்க்கறவ. இன்னும் ரெண்டு பேரு தண்ணி மெஷின் விக்கறவங்க. நான் பிளாஸ்க்கைக் கழுவிக்கிட்டு ஓரமா நிக்கறேன். அந்தக் கொசுப்புழுப் பொண்ணு சொல்லுது: "அக்கா, நம்ம மேப்பை அழிச்சான் பாருங்க ஒருத்தன், சீர்மையாம் அவன் பேரு. அசிங்கம்னு எழுதியிருக்கான்க்கா. கையில கிடைச்சான்னா மருந்து டப்பாவாலயே ரெண்டு வைப்பேன்."

தையல் என் பக்கம் திரும்பக்கூட இல்ல. "விடுடி. அவரும் ஏதோ நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சிருப்பார்"னா.

அவங்க போனப்புறம் கேட்டேன். "நீதானா வெயில்?" "நாங்க அஞ்சு பேரும். ஒரே பேர்ல. ஆரம்பிச்சது நான்." ஒரு பேர்ல ஒரு ஆள்தான் எழுதணும்னு விதி நாலு இருக்கு, வாய் வரைக்கும் வந்தது, முழுங்கிட்டேன். "சொல்லியிருக்கலாமே தையலு?" "கேட்டேனேங்க. இட்லி சாப்பிடறப்போ கேட்டேனே. நீங்க சிரிச்சீங்க."

அப்புறம் சொன்னா. அந்த மேப் வந்தப்புறம்தான் பையில தண்ணி பாட்டில் வச்சுக்கவே ஆரம்பிச்சாளாம். ஒரு மாசம் நல்லாக் குடிச்சாளாம். "அப்புறம் ஏன் நிறுத்தினே? நான் மேப்ல அழிச்சா என்ன, பாதி இடமாவது உனக்கு ஞாபகம் இருக்குமே?" "இடம் ஞாபகம் இருக்குங்க. நீங்க அசிங்கம்னு எழுதினதுக்கப்புறம் போய்க் கேக்க வாய் வரல."

எனக்கு வெக்கமாப் போச்சும்மா. முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்கினதில்ல நான். பிளாஸ்க்கை வச்சுக்கிட்டு எங்கே பார்க்கறதுன்னு தெரியாம நின்னேன். இந்தா தண்ணி குடின்னு நீட்டினா, கையால தள்ளி விடறா. "மூணு லிட்டர் குடிச்சுட்டு நான் எங்கே போறது? தென்னூர்ல இருந்து உறையூர் வரைக்கும் ஒரு இடம் சொல்லுங்க. உண்டுன்னு எழுதி வச்சிருக்கீங்களே, அதுல தாழ்ப்பாள் இல்ல." அப்ப வேலையை விட்டுடுன்னேன். "நீங்க மேப்பை விடுவீங்களா?"ன்னா.

ரெக்ஸுக்குப் போன் போட்டேன். அழிச்சதை ஒரே அமுக்குல திரும்பக் கொண்டுவந்துடலாம். மேப்ல எதுவும் சாகாது, பழசெல்லாம் பின்னாடி கிடக்கும். "வேண்டாம் சார்"ங்கறான். "விதி பதினாலு. இந்த மூணு மாசத்துல எந்தக் கடை மாறிச்சோ, எந்த மேனேஜர் போனாங்களோ. தப்பான இடத்துக்கு ஒரு பொம்பளையை நாம அனுப்பிடக் கூடாது. நேர்ல பார்த்து ஒவ்வொண்ணா ஏத்துங்க." என் விதியை எனக்கே ஓதறான், தாடிக்காரன். நானும் விதி ஒன்பதுப்படி மனுப் போட்டேன். எட்டுக்கு மேலேயே ஓட்டு விழுந்துடுச்சு. அதுல நாலு அந்தப் பொண்ணுங்களோடது, இப்ப தனித்தனிப் பேர்ல. ஓட்டைப் போட்டுட்டு, "சீர்மை சார் எந்த ஏரியா?"ன்னு வேற கேட்டிருக்குங்க.

அதனாலதான் இந்தப் பட்டியலைத் தூக்கிக்கிட்டு அலையறேன். தையலுக்குத் தெரியாது. வாக்கிங் போறேன்னு சொல்லிட்டு வர்றேன். மத்தியானம் பன்னெண்டு மணிக்கு என்ன வாக்கிங்னு கேக்கல. என்னமோ சிரிச்சா, குடையை எடுத்து நீட்டினா.

இதுலயும் ஒழுங்கு வேணுமில்லையா? அவங்க எழுதின மாதிரி முறைச்சுட்டு, வளையல் பார்த்துட்டுன்னு கன்னாபின்னான்னு விட முடியாது. மூணே மூணு அறை போட்டேன். கேட்டால் அனுமதி. வாங்கினால் அனுமதி. அனுமதி இல்லை. இதுவரைக்கும் முப்பத்தேழும் இதுல அடங்கிடுச்சு. பெட்ரோல் பங்க்காரன் முறைச்சானா? முறைச்சான், என்னையும் முறைச்சான். ஆனா சாவியைக் குடுத்தான். கேட்டால் அனுமதி. முடிஞ்சது. எழுதத் தெரியணும், அவ்வளவுதான்.

உங்க கடைதான் எந்த அறையிலயும் சேர மாட்டேங்குது. இதோ, அவ எழுதினதை அப்படியே வாசிக்கறேன்: "மேட்சிங் சென்டர். அந்த அக்கா இருந்தா மட்டும்." எந்த அக்கா? எப்ப இருப்பாங்க? ஆளைப் பத்தி எழுதக் கூடாதுன்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டு இருக்கேன். அதனால அந்த அக்கா கடையில இருக்கற நேரத்தை மட்டும் சொல்லிட்டீங்கன்னா, பத்துல இருந்து ரெண்டு, நாலுல இருந்து எட்டுன்னு நேரமாப் போட்டுட்டு நான் கிளம்பிடுவேன்.

என்ன?

ஆமா, தையலோடது பச்சைக் கைப்பைதான். ஆமா, கைப்பிடி பிஞ்சு ஊக்குக் குத்தியிருக்கும். நீங்கதானா அந்த அக்கா? நீங்க இல்லாதப்போ உங்க வீட்டுக்காரர் கல்லாவுல இருப்பாரா, அவர் விட மாட்டாரா? மாசியோட வர்றதை நிறுத்திட்டாளா? அதைத்தாம்மா இவ்வளவு நேரம் சொன்னேன். வேற கடை பார்த்துக்கிட்டான்னா நினைச்சீங்க? வேற கடை எதுவும் இல்லம்மா. ஆஸ்பத்திரியில பதினோரு நாள் கிடந்தா.

இங்கேயா உட்காருவா? இந்த ஸ்டூல்லயா?

என்னைப் பத்தியா? என்கிட்ட என்னைப் பத்தி அவ ஒண்ணும் சொன்னதில்ல, உங்ககிட்ட என்ன சொன்னா? சொல்லுங்க, பரவாயில்ல, நல்லா வாங்கிக்கட்டிக்கத்தானே வந்திருக்கேன்.

போன் எடுத்துக் காட்டினாளா? உங்க கடையைக் குறிச்சதையா? "இந்த ஊரு மேப்பு பூரா எங்க வீட்டுக்காரர் போட்டது. எனக்கும் அவர்தான் சொல்லிக் குடுத்தார்." இப்படியேவா சொன்னா?

அஞ்சு நிமிஷம்மா. அஞ்சே அஞ்சு நிமிஷம்தான் நான் சொல்லிக் குடுத்தேன்.

இல்ல, இல்ல, தண்ணி போதும். இருங்க, எழுதிக்கறேன். நேரம் வேண்டாம், விடுங்க. பத்துல இருந்து ரெண்டுன்னு போட்டா, அந்தப் பத்துல இருந்து ரெண்டுக்குள்ள உங்க வீட்டுக்காரர் கல்லாவுல உட்கார்ந்திருந்தா ஒரு பொம்பளை வாசல்ல நின்னுட்டுத் திரும்பிப் போகணும். அந்த அக்கா இருந்தா மட்டும். அவ எழுதினதுதான் சரி. அப்படியே போட்டுடறேன். எந்த அறையிலயும் சேரல, சேர வேண்டாம். ரெக்ஸ் கேட்டான்னா கேட்டுட்டுப் போறான்.

கிளம்பறேம்மா. இன்னும் நூத்தி எழுபத்தி நாலு கடை இருக்கு, நூத்தி எழுபத்தி நாலு பேர்கிட்ட ஏச்சு வாங்கணும். ஒண்ணே ஒண்ணு. நாளையில இருந்து அவ வேலைக்குக் கிளம்பறா. உறையூர் பக்கம் புதன்கிழமைதான் வருவா. வந்தா பையில பாட்டில் இருக்கான்னு பாருங்க. தண்ணி அப்படியே நிரம்பி இருந்தா, உட்கார வச்சுக் குடிக்கச் சொல்லுங்க. நான் வந்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

புதன்கிழமை நீங்க இருப்பீங்கல்லம்மா?